போர் 650 அடி, தென்னை 280, மூணாவது வருசமும் மழை பொய்ச்சுடுச்சு: 1,200 அடிக்கு இறங்கலாமா?

கடைமடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இடம் வெள்ளகோவில் பக்கம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) கடைமடை. நாலு மண்டலத்துல நம்ம மண்டலத்துக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் வாய்க்கால் தண்ணி, அதுவும் போன சுத்துல சரியா வந்து சேரலை. வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து மூணாவது வருசமா ஏமாத்திடுச்சு.

நிலவரம் இதுதான்: 4 ஏக்கர் தென்னை, நெட்டை ரகம், 18 வயசு, 25 அடி இடைவெளி, மொத்தம் 280 மரம். 6½ இஞ்ச் போர், 650 அடி. மோட்டார் போட்டா 200 லிட்டர் டிரம் 7 நிமிசத்துல நிறையுது. ஒன்றரை மணி நேரத்துல காத்து வாங்கிடும். ஆறு, ஆறரை மணி நேரம் விட்டாத்தான் மறுபடி அதே அளவு ஓடும். அப்படி ஒரு நாளைக்கு மூணு தடவை ஓட்டுறோம். 80 அடி கிணறு ஒண்ணு இருக்கு, அடிப்பாறை தெரியுது. கலப்பின மாடு 5, செம்மறி 30. தம்பி பக்கத்துலயே சின்னதா நார் மில் வச்சிருக்கான், தேங்காய் மட்டை வரத்து குறைய ஆரம்பிச்சிடுச்சு.

பக்கத்துத் தோட்டத்துல 1,100 அடிக்குப் போட்டு ரெண்டு இஞ்ச் தண்ணின்னு சொல்றாங்க. நாமளும் 1,200 அடிக்கு இறங்கலாமா? இல்ல லாரித் தண்ணி வாங்கி மரத்தைக் காப்பாத்துறது மேலா? ஆடு மாட்டை என்ன பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாறைத்தண்ணி:

நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்தே பாதிப் பதில் சொல்லிவிடலாம். 6½ இஞ்ச் துளையில் ஒரு அடிக்குச் சுமார் 6.5 லிட்டர் தண்ணீர் நிற்கும். 7 நிமிடத்துக்கு 200 லிட்டர் என்றால் மணிக்கு 1,700 லிட்டர். ஒன்றரை மணி நேரத்தில் 2,550 லிட்டர். அதாவது ஏறத்தாழ 390 அடி உயரத்துக்குக் குழாய்க்குள் தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் ஒவ்வொரு முறையும் இறைக்கிறீர்கள். உண்மையான ஊற்று, 8 மணி நேரத்துக்கு 2,550, ஆக மணிக்கு 320 லிட்டர். ஒரு நாளைக்கு 7,600 லிட்டர் சொச்சம். இதுதான் உங்கள் வருமானம், இதற்குள்தான் செலவு.

பக்கத்துத் தோட்டத்து ‘ரெண்டு இஞ்ச்’ எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். புதுப் போரில் முதல் நாள் அடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் துளையிலும் வெடிப்பிலும் தேங்கியிருந்த இருப்பு. ஒரு வாரம் ஓட்டிய பிறகு அதே டிரம்மை வைத்து அளந்தால் கதை வேறாக இருக்கும். 650-லிருந்து 1,200 அடிக்குப் போனால் கூடுதலாக 3,500 லிட்டர் கொள்ளளவு கிடைக்கும். புது வெடிப்பு சிக்காவிட்டால் அது வெறும் ஆழமான தொட்டி. அதை நிரப்புவதும் இதே 320 லிட்டர் ஊற்றுதான்.

காங்கேயம், வெள்ளகோவில் பகுதி முழுக்கக் கெட்டிப் பாறை. தண்ணீர் இருப்பது மேலே மக்கிய பாறையிலும், அதற்குக் கீழே ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளிலும். ஆழம் கூடக் கூட மேலே உள்ள பாரம் அழுத்தி வெடிப்புகள் எண்ணிக்கையிலும் அகலத்திலும் குறைந்துகொண்டே போகும். 700 அடிக்குக் கீழே சிக்கவே சிக்காது என்று இல்லை, சிக்குகிறது. ஆனால் அது லாட்டரி. சிக்கினாலும் அந்த வெடிப்பை மழை வந்து நிரப்ப வெகு காலம் ஆகும். போர் வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் ரேட்டும் ஆழத்துக்குத் தக்கபடி ஏறிக்கொண்டே போகும். அதோடு 1,000 அடிக்கு மேல் குழாய், கேபிள், பெரிய மோட்டார். 300 மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு அரை லிட்டர் எடுக்கவே 5 குதிரைத்திறன் வேண்டும். கேபிள் தடிமன் போதாவிட்டால் கீழே வோல்டேஜ் விழுந்து மோட்டார் காயில் கருகும். கிரேன் கட்டித் தூக்கும் கூலி தனி.

அதற்கு முன்னால் செய்யக்கூடியவை இரண்டு உண்டு.

முதலாவது, இருக்கிற மோட்டாரைக் காப்பாற்றுவது. காற்று வாங்கும் வரை ஓட்டாதீர்கள். தண்ணீர் தீர்ந்ததும் ஆம்பியர் இறங்கும். டிரை ரன் ரிலேயை, சாதாரணமாக ஓடும் ஆம்பியரில் முக்கால் பங்குக்கு வைத்தால் தானாக நிற்கும். கூடவே ஒரு டைமர் வைத்து 1 மணி 15 நிமிட ஓட்டம், ஆறேமுக்கால் மணி நேர ஓய்வு என்று விடலாம். சிலர் டெலிவரி வால்வை நெருக்கித் தண்ணீரைக் குறைத்து நீண்ட நேரம் ஓட்டுவார்கள். கொஞ்சம் நெருக்கினால் பரவாயில்லை. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான், ரொம்ப நெருக்கினால் சூடேறி வைண்டிங் போய்விடும்.

இரண்டாவது, 650 அடிப் போரில் உயர் அழுத்த நீரைச் செலுத்தி வெடிப்புகளைத் திறந்துவிடுவது. ஹைட்ரோ ஃபிராக்சரிங் என்று குடிநீர் வாரியமே கைப்பம்புப் போர்களுக்குச் செய்கிற வேலை. கேசிங் குழாய்க்குக் கீழே ரப்பர் பேக்கரை இறக்கி அடைத்து, படிப்படியாக ஆழத்தை மாற்றிச் செலுத்துவார்கள். உங்களுடையதுபோல் ஊற்று மெலிந்திருக்கும் போருக்குப் பலன் தர வாய்ப்புண்டு. தண்ணீரே சிக்காமல் சுத்தமாகப் புகை பறந்த போருக்கு வீண். உத்தரவாதம் கேட்டால் யாரும் தரமாட்டார்கள், தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

80 அடிக் கிணற்றை மூடிவிடாதீர்கள். மழை பெய்யும் அன்று அதுதான் உங்கள் பெரிய சொத்து. 1 ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர். செம்மண் காட்டில் அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலும் 8,000 லிட்டர். வழியில் 6 அடி நீள அகல ஆழத்தில் ஒரு வண்டல் குழி வெட்டி, கீழே பெருங்கல், நடுவில் 40 மில்லி ஜல்லி, மேலே மணல் போட்டு, அதிலிருந்து 6 இஞ்ச் குழாயில் கிணற்றுக்குள் விடுங்கள். மணலுக்கு மேலே படியும் சேற்றை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறு வருடமே அடைத்துக்கொள்ளும். கலங்கல் தண்ணீரை நேராகப் போருக்குள் விடுவதை மட்டும் செய்யவே கூடாது. வெடிப்பில் சேறு போய் உட்கார்ந்தால் இருக்கிற 320 லிட்டரும் போகும்.

கடைசியாக ஒன்று. கைவிட்ட பழைய போர் எதுவும் தோட்டத்தில் திறந்து கிடந்தால் இன்றைக்கே இரும்பு மூடி போட்டு வெல்டு வையுங்கள். சாக்கைப் போட்டு மேலே கல்லை வைப்பது மூடியது ஆகாது.

தோப்புக்கணக்கு:

மேலே சொன்ன 7,600 லிட்டரையே எடுத்துக்குவோம். வீட்டுக்கும் ஆடு மாட்டுக்கும் 1,000 லிட்டர் ஒதுக்கிட்டா மரத்துக்கு 6,600. வேளாண் பல்கலைக்கழகம் சொட்டு நீருக்குக் கொடுக்கிற அட்டவணையில, பிப்ரவரி முதல் மே வரைக்கும் ஒரு மரத்துக்கு நாளைக்கு நல்ல காலத்துல 65 லிட்டர், ஓரளவு பற்றாக்குறைன்னா 45, கடும் பற்றாக்குறைன்னா 22. உங்க 280 மரத்துக்கு 22 லிட்டர்னா 6,160. அதாவது இன்னைக்குள்ள ஊற்று அப்படியே நின்னா எல்லா மரமும் உசுரோட இருக்கும். காய் எதிர்பார்க்கக் கூடாது, அது வேற.

இந்த 22 லிட்டர் கணக்கு வேருக்குப் போய்ச் சேர்ற தண்ணிக்குத்தான். வட்டப்பாத்தியில ஹோஸ் வச்சு 22 லிட்டர் ஊத்தினா மேல் மண்ணுல ரெண்டு இஞ்ச் நனைஞ்சு மத்தியானத்துக்குள்ள ஆவியாகிடும். செய்ய வேண்டியது இப்படி: மரத்துல இருந்து 1 மீட்டர் தள்ளி எதிரெதிரா நாலு குழி, 30 சென்டிமீட்டர் நீள அகல ஆழம். ஒவ்வொரு குழியிலயும் 16 மில்லி பி.வி.சி. குழாய் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிச் சாய்வா வச்சு, அதுக்குள்ள டிரிப்பரை விடணும். குழியை காயர் பித்தால (மட்டையில நார் எடுத்தப்புறம் மிஞ்சுற தூள்) நிரப்பிடணும். தண்ணி ஒரு அடி கீழதான் இறங்கும், வெயில் தொடாது.

டிரிப்பர் மணிக்கு 8 லிட்டர், மரத்துக்கு நாலுன்னா 32. உங்க போர் மணிக்கு 1,700. ஆக ஒரே நேரத்துல 50 மரத்துக்கு மேல திறந்தா ஓரத்து மரத்துக்குப் போகவே போகாது. தோப்பை 6 பிரிவாக்கி, பிரிவுக்கு 47 மரம் வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு மூணு பிரிவு, பிரிவுக்கு 80 நிமிசம். ஒருநாள் விட்டு ஒருநாள் 44 லிட்டர் கொடுக்கிறது தினம் 22 கொடுக்கிறதை விட ஆழமா இறங்கும், வால்வு திருப்புற வேலையும் பாதி. டைமர்ல 75 நிமிசத்துல போர் நின்னுட்டா பிரிவுக்கு அஞ்சு நிமிசத் தண்ணி குறையும், ஒண்ணும் ஆகிடாது. மூடி போட்ட 5,000 லிட்டர் தொட்டியில ஏத்தி ஒரு சின்ன மோட்டார்ல விட்டா அழுத்தம் சீரா இருக்கும். நேராப் போர்ல இருந்து விட்டா அந்தச் சீர் இருக்காது.

நம்ம பக்கத்துத் தண்ணி உப்பு. டிரிப்பர் வாயில வெள்ளையா படியும். மாசத்துக்கு ஒருக்கா கடைசி முனையைத் திறந்து கழுவி விடணும். அடைப்பு அதிகமானா ஆசிட் வைத்தியம்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து குழாய்த் தண்ணி பி.எச். 4-க்கு வர்ற அளவுக்கு விட்டு, ஒரு நாள் நிறுத்தி வச்சு, அப்புறம் நல்லாக் கழுவணும். தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தக் கூடாது.

மூடாக்கு விசயத்துல உங்களுக்கு அதிர்ஷ்டம், தம்பி நார் மில் வச்சிருக்கார். பழைய காயர் பித்து, அதாவது மழையில ஒரு சீசன் நனைஞ்சு கறுத்தது, 1.8 மீட்டர் ஆர வட்டத்துல 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்க. புதுப் பித்து போட்டா அது மக்குறதுக்கு மண்ணுல இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கும், மரம் இன்னும் வெளுக்கும். தண்டை ஒட்டிக் குவிக்காம ஒரு அடி தள்ளியே போடுங்க, கறையான் ஏறாது. தேங்காய் மட்டை புதைக்கிறது நல்ல வேலைதான். மரத்துக்கு 100 மட்டை, குழிஞ்ச பக்கம் மேல இருக்கிற மாதிரி அடுக்கடுக்கா. ஆனா அதை இப்பக் காய்ஞ்ச மண்ணைத் தோண்டிச் செய்யாதீங்க, வேர் அறுபடும். மட்டை தண்ணியைக் குடிச்சு வச்சுக்கிறதுக்கு முதல்ல தண்ணி வேணும். மழைக்கு முன்னால, ஆவணி புரட்டாசியில செய்ய வேண்டியது.

இப்பச் செய்யக் கூடாதது மூணு. உழவு ஓட்டாதீங்க. ரசாயன உரம் போடாதீங்க, ஈரம் இல்லாத மண்ணுல உப்பு ஏறி வேரைச் சுடும். பச்சை ஓலையை அடியோட ஒட்ட வெட்டாதீங்க. கீழ் வரிசையில பழுத்துத் தொங்குற மூணு நாலு ஓலையை எடுக்கலாம், தண்ணிச் செலவு குறையும், ஆனா ஓலை மட்டையை மரத்துல இருந்து 4 அடி விட்டுத்தான் வெட்டணும். வெட்டுக்காய வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். வாடின மரத்துல அது இறங்கிச்சுன்னா தண்ணி ஊத்திப் புண்ணியமில்ல. காண்டாமிருக வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் 1-க்கு 2 கலந்து, மரத்துக்கு 150 கிராம், நடுக் குருத்துக்குப் பக்கத்து மூணு ஓலை இடுக்குல.

வைகாசிக்குள்ள ஊற்று பாதியாச்சுன்னு வைங்க. மரத்துக்கு 2,800 லிட்டர்தான் மிஞ்சும். அதை 280 மரத்துக்கும் பத்துப் பத்து லிட்டரா பிரிச்சுக் கொடுத்தா மொத்தத் தோப்பும் சேர்ந்து போகும். 125 மரத்தைத் தேர்ந்தெடுத்து 22 கொடுக்கணும். இப்பவே பெயின்ட் அடிச்சு வரிசைப்படுத்தி வைங்க. அடியில சுக்கான் பாறை தட்டுற இடம், எப்பவுமே காய் குறைவான மரம், வண்டு துளைச்ச மரம், இதெல்லாம் கடைசி வரிசை. மனசு கேக்காது. அந்த நேரத்துல முடிவு பண்ணலாம்னு விட்டா எல்லாத்துக்கும் கொஞ்சம் ஊத்தத்தான் கை போகும்.

லாரித் தண்ணிக்குக் கணக்கு: 280 மரம், 22 லிட்டர், 30 நாள்னா 1,84,800 லிட்டர். 12,000 லிட்டர் லாரி 15, 16 லோடு. உங்க ஊர் லோடு விலையை 16-ஆல பெருக்குங்க, அதை வறட்சி முடிய எத்தனை மாசம்னு பெருக்குங்க. 18 வயசு மரம் இன்னும் 40 வருசம் காய்க்கும்கிறதால, செத்த மரத்துக்குப் பதிலா கன்னு வச்சு ஆறேழு வருசம் காத்திருக்கிற நட்டத்தோட ஒப்பிட்டுப் பார்த்தா, அந்த முதல் வரிசை 125 மரத்துக்கு வாங்கலாம். மொத்தத் தோப்புக்கும் மாசக்கணக்கா வாங்குறது கடன்லதான் முடியும். வாங்குற தண்ணியைத் திறந்த குட்டையில விட்டுறாதீங்க. 60-க்கு 60 அடி குட்டையில கோடையில நாளைக்கு 7 மில்லிமீட்டர் ஆவியானாலே 2,300 லிட்டர் போச்சு. நூறு மரத்துக்கான தண்ணி அது.

கட்டுத்தறி:

ஆடு மாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செம்மறியை முதலில் குறையுங்கள், அதுவும் இப்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே. கிடாய்க்குட்டிகள், பல் தேய்ந்த கிழட்டு ஆடுகள், இரண்டு ஈத்து தவறிய ஆடுகள் முதல் வண்டியில் கன்னிவாடிச் சந்தைக்குப் போகட்டும். ஊரே விற்க ஆரம்பித்த பிறகு போனால் எலும்பு விலைதான். 10, 12 நல்ல பெட்டை ஆடுகளை மட்டும் நிறுத்துங்கள். மழை வந்ததும் ஆட்டு விலை தாறுமாறாக ஏறும், அப்போது வாங்கிப் பட்டியை நிரப்ப முடியாது, இந்தப் பன்னிரண்டுதான் நிரப்பும்.

மாடு ஐந்து. 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளைக்குக் காய்ந்த எடையில் 10 முதல் 12 கிலோ தீவனம் வேண்டும். அடர்தீவனம் போக 8 கிலோ சோளத்தட்டு என்று வைத்தால், 5 மாட்டுக்கு மாதம் 1,200 கிலோ, ஆறு மாதத்துக்கு 7 டன்னுக்கு மேல். இதைத் தை, மாசி அறுவடை நேரத்திலேயே வாங்கிப் படப்பாக அடுக்கிவிட வேண்டும். சித்திரையில் கட்டுக்கட்டாக வாங்குகிறவர்தான் மாட்டை விற்கிறார். தட்டை நறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் கால்வாசி காலடியில் மிதிபடும்.

வைக்கோல் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் யூரியா ஊட்டம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீரில் ஒரு கட்டிகூட இல்லாமல் கரைத்து, அடுக்கு அடுக்காகப் பூவாளியில் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள். திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, நெடி போனபின் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவதுதான் ஒவ்வொரு வறட்சியிலும் நடக்கும் சாவு. ‘கொஞ்சம் கூடப் போட்டால் சத்து கூடும்’ என்பதும் அதே வழிதான்.

இன்னொரு சாவு, சோளம். மழையில்லாமல் முடங்கி நிற்கும் இளஞ்சோளத்திலும், ஒரு தூறலுக்குத் துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடு ஏறியிருக்கும். பூ வருவதற்கு முன் பச்சையாக மேய விடாதீர்கள், அறுத்து நன்றாகக் காயவைத்தால் நஞ்சு இறங்கும். தின்ற கொஞ்ச நேரத்தில் மூச்சிரைப்பு, வாயில் நுரை, ஈறு பளிச்சென்ற சிவப்பு என்றால் அது வயிற்று உப்புசம் இல்லை. எண்ணெய் ஊற்றி நேரத்தைக் கடத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், சோடியம் தயோசல்பேட் ஊசி உடனே போட்டால் பிழைக்கும்.

மாதக்கணக்கில் காய்ந்த தட்டை மட்டும் தின்றால் வைட்டமின் ஏ குறைந்து சினை பிடிக்காது, கண் மங்கும். நாளைக்கு 3, 4 கிலோ தழை போதும்: கிளைரிசிடியா, அகத்தி, கல்யாண முருங்கை, வேம்பு. சவுண்டல் தழையை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம், மயிர் கொட்டும். தாது உப்பு மாட்டுக்கு 50 கிராம். காங்கேயத்துப் பக்கம் கொரங்காடு (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு) வைத்திருப்பவர்கள் வறட்சியைத் தாங்குவதற்கே காரணம் வெள்வேலங்காயும் கொழுக்கட்டைப் புல்லும்தான். பக்கத்தில் கொரங்காடு குத்தகைக்குக் கிடைத்தால் ஆட்டுக்கு அதை எடுங்கள். சீமைக்கருவேலங்காயைப் பொறுக்கிக் காயவைத்து அரைத்து அடர்தீவனத்தில் 20 விழுக்காடு சேர்க்கலாம். அரைக்காமல் போட்டால் விதை சாணியில் வந்து காடு முழுக்க முளைக்கும்.

மண்ணில்லாத் தட்டு வளர்ப்பில் ‘ஒரு கிலோ மக்காச்சோளம் 6 கிலோ பசுந்தீவனம்’ என்று விளம்பரம் வரும். கூடியது தண்ணீர் எடை. காய்ந்த எடையில் பார்த்தால் போட்ட மக்காச்சோளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். மக்காச்சோளத்தை அரைத்துப் போட்டுவிடலாம்.

கறவை கடைசியில் இருக்கும் மாடுகளைச் சீக்கிரம் வற்றவிடுங்கள். சினை மாட்டுக்கும் முதல் ஈத்து மாட்டுக்கும் தீவனத்தில் முன்னுரிமை. தண்ணீரை மட்டும் அளக்காதீர்கள், 60, 70 லிட்டர் குடிக்கிற மாட்டுக்கு 40 கொடுத்தால் அன்று மாலையே பால் குறையும்.

பித்துக்கட்டி:

தம்பி மில்லுக்கு ரெண்டு வார்த்தை. மட்டை வரத்து இப்பக் குறையுறது ஆரம்பம்தான். பாளை வெடிச்சு காய் முத்த ஒரு வருசம், அந்தப் பாளை மரத்துக்குள்ள உருவாகி முத்துற வரைக்கும் கணக்கிட்டா மூணரை வருசத்துக்கு மேல. அதனால இந்தக் கோடையோட அடி அடுத்த வருசமும் அதுக்கு அடுத்த வருசமும் தெரியும், மழை நல்லாப் பெய்ஞ்சாலும் கூட. மில் செலவை ரெண்டு வருசத்துக்குத் திட்டம் போடணும், ரெண்டு மாசத்துக்கு இல்ல.

காய்ஞ்ச மட்டையை நனைக்காம அடிச்சா நார் ஒடிஞ்சு தூளாகும், நனைக்கத் தண்ணி இல்ல. பச்சை மட்டையை வந்த அன்னைக்கே அடிச்சுடுறது நல்லது. மட்டை சேரச் சேர, வாரத்துல மூணு நாள் முழு ஷிப்ட் ஓட்டுங்க. தினம் அரை நாள் ஓட்டுறதை விடக் கரண்டும் கூலியும் மிச்சம். பித்து கழுவுறதை நிறுத்திட்டு, கழுவாத பித்தா விலை குறைச்சே கொடுங்க. ஏற்றுமதிக்குக் கேக்கிற உப்பளவுக்கு கழுவுறது இந்த வருசத் தண்ணிக்குக் கட்டாது. கழுவியே ஆகணும்னா மூணாவது கழுவல் தண்ணியை அடுத்த சுத்துக்கு முதல் கழுவலா பயன்படுத்துங்க. அந்தத் தண்ணியை மரத்துக்கு விடாதீங்க, உப்பு.

மின் இணைப்புல ஓட்டாத குதிரைத்திறனுக்கும் நிலைக்கட்டணம் ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு இயந்திரத்தை நிறுத்துறதா இருந்தா எழுதிக் கொடுத்து பளுவைக் குறைச்சுக்கலாம். பேங்க் தவணை தவறப்போகுதுன்னா 90 நாள் ஆகுறதுக்கு முன்னாடியே மேனேஜரைப் பாருங்க, வராக்கடன்னு விழுந்தப்புறம் பேச இடமில்ல. களத்துல பித்துக் குவியலைச் சின்னச் சின்னதா இடைவெளி விட்டு வைங்க. இந்த வெயிலுக்கு ஒரு பீடி போதும்.

கடைமடைக்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். 390 அடி கணக்கைப் பார்த்ததும் 1,200 ஆசை இறங்கிடுச்சு. ரெண்டு சந்தேகம். இப்ப நம்மகிட்ட இருக்கிறது வெறும் வட்டப்பாத்தி, சொட்டு நீருக்கு மானியம் வாங்கிப் போட எவ்வளவு நாளாகும், அதுவரைக்கும் என்ன பண்றது? இன்னொண்ணு, மரம் செத்தா ஏதாவது கிடைக்குமா?

அடங்கல்:

சொட்டு நீருக்கு 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 75. தென்னை என்பதால் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு குறு விவசாயி சான்று வேண்டும். சான்று வாங்குவதில்தான் நாள் ஓடும், அதை இன்றே விண்ணப்பியுங்கள். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாலு டிரிப்பர், குழிக்குள் சாய்வுக் குழாய் என்பதை அளவெடுக்க வரும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மேலோட்டமாக ரெண்டு டிரிப்பர் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள்.

மரத்துக்கு: தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீடு உண்டு, கடும் வறட்சியில் மரம் பட்டுப்போனாலும் பொருந்தும். பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால்பங்கை மாநில அரசும் கட்டும், உங்கள் பங்கு கால்பங்குதான். இழப்பீடு மரத்துக்குப் பெரிய தொகை இல்லை, மரம் சாவதற்கு முன் சேர்ந்திருந்தால்தான் அதுவும். வாட ஆரம்பித்த மரத்தைக் காட்டிச் சேர முடியாது.

அரசு வறட்சி என்று அறிவித்தால் பேரிடர் நிவாரண விதிப்படி 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நிலத்துக்கு இடுபொருள் உதவி வரும். 2022-26 காலத்து விதிப்படி மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், இறவைக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500, அதிகபட்சம் 2 ஹெக்டேர். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அறிவித்தபோது கணக்கெடுப்பில் விடுபட்டவர்களில் பலருக்கு அடங்கலில் பயிரே ஏறியிருக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய், தென்னை என்றும் எத்தனை மரம் என்றும் இந்த பசலியில் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டில்) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வறட்சி அறிவிப்பு வந்தால் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றவும் அதே பதிவைத்தான் கேட்பார்கள்.

ஏரி, குளம் காய்ந்து கிடக்கும் இந்த நேரத்தில் வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம், இலவசம். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை. மரத்தைச் சுற்றி வண்டல் போட்ட செம்மண் அடுத்த மழையின் ஈரத்தைக் கூடுதல் நாள் பிடித்து வைக்கும். டிராக்டர் வாடகைதான் செலவு.

தோப்புக்கணக்கு:

சொட்டு நீர் வர்ற வரைக்கும் செலவில்லாத வழி: அதே நாலு குழியைத் தோண்டிப் பித்து நிரப்பி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு இஞ்ச் பி.வி.சி. துண்டு ஒண்ணரை அடி நீளத்துக்குச் செங்குத்தா நட்டு வச்சுடுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள், குழாய்க்கு 11 லிட்டர் வாளியால ஊத்தினா மரத்துக்கு 44. ரெண்டு ஆள் வேலை. வாய்க்கு ஒரு கொட்டாங்குச்சி மூடி, இல்லாட்டி எலியும் ஓணானும் விழுந்து நாறும். பின்னால சொட்டு நீர் வரும்போது இதே குழி அப்படியே உதவும்.

மழை வந்ததும் உரத்தைக் கொட்டிடாதீங்க. ரெண்டு நல்ல மழை இறங்கி ஒண்ணரை அடி ஈரம் பிடிச்சப்புறம் வருசத்து அளவுல பாதி: யூரியா 650 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ, பொட்டாஷ் 1 கிலோ, கூட 25 கிலோ தொழு உரம். மீதியை ஆறு மாசம் கழிச்சு. பொட்டாஷை மட்டும் விட்டுறாதீங்க, அடுத்த வறட்சியைத் தாங்குறதுக்கு அதுதான் முக்கியம். குரும்பை கொட்டுறது நிக்க நாளாகும், அதுக்குப் பயந்து டானிக் விக்கிறவங்க கையில காசு கொடுக்காதீங்க.

பாறைத்தண்ணி:

ஒரு வேண்டுகோள். டிரம் நிறையும் நேரத்தையும் காற்று வாங்கும் வரை ஓடும் நிமிடத்தையும் வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலை முதல் ஓட்டத்தில் குறித்து வையுங்கள். அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் டைமரை எடுத்துவிட்டு, ரிலே நிறுத்தும் வரை விடலாம். ஒன்றரை மணி நேர ஓட்டம் ஒரு மணி நேரமாக இறங்கும் அன்று 125 மரப் பட்டியலுக்கு மாறிவிடலாம், வைகாசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து 1,100 அடிக்காரரையும் அதேபோல் குறிக்கச் சொல்லுங்கள். அவர் ஓட்டும் நேரத்தில் உங்கள் ஊற்று குறைகிறதா என்று இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். குறைந்தால் இரண்டு போரும் ஒரே வெடிப்பில்தான் குடிக்கின்றன. அப்போது ஓட்டும் நேரத்தைப் பேசிப் பிரித்துக்கொள்வது இரண்டு பேருக்கும் லாபம், ஏனென்றால் அவருடைய மோட்டார்தான் பெரிது, கருகினால் அவருக்குத்தான் செலவு அதிகம்.